லூத்தரன் தொடக்கப் பள்ளியில் முதல் லெந்து: புதிதாகச் சேர்ந்த பெற்றோருக்கு

விஸ்கான்சினுக்கோ சுற்றியுள்ள மாநிலங்களுக்கோ குடிவந்து, வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது, வகுப்பில் பிள்ளைகள் குறைவு என்று லூத்தரன் தொடக்கப் பள்ளியில் சேர்த்துவிட்ட தமிழ்ப் பெற்றோருக்கான குறிப்பு இது. ஆகஸ்டிலிருந்து ஜனவரி வரை பெரிய தொந்தரவு இருக்காது. காலையில் ஜெபம், வாரத்துக்கு ஒரு சேப்பல் (பள்ளி வழிபாடு), அவ்வளவுதான் என்று தோன்றும். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலம் (கத்தோலிக்கர் தவக்காலம் என்பார்கள்) தொடங்கியதும் எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். புதன் மாலை ஆராதனை, பிள்ளைகளின் பாட்டு, சூப் சாப்பாடு, அடுத்த ஆண்டுக்கான மறுபதிவு, தன்னார்வ மணிக்கணக்கு, நிதி திரட்டும் மீன் வறுவல் எல்லாமே இந்த ஆறேழு வாரங்களுக்குள்தான். ஜனவரியில் அரை மணி நேரம் ஒதுக்கினால் இதில் பாதியைச் சுலபமாக்கிவிடலாம்.

1. எந்தச் சபையின் பள்ளி என்று தெரிந்துகொள்ளுங்கள்

பெயர்ப்பலகையில் "லூத்தரன்" என்று மட்டும்தான் இருக்கும். உள்ளே வேறுபாடு உண்டு. இங்கே நீங்கள் பெரும்பாலும் பார்ப்பது இரண்டு வகை: மிசூரி சினாட் பள்ளிகள், விஸ்கான்சின் சினாட் பள்ளிகள் (சினாட் என்பது பல சபைகளின் கூட்டமைப்பு). இரண்டும் பழமையைப் பேணுபவை, ஆனால் ஒன்றோடொன்று நற்கருணை உறவு இல்லாதவை, அதாவது ஒன்றின் உறுப்பினர் மற்றதில் அப்பமும் திராட்சை ரசமும் பெறுவதில்லை. பைபிள் மொழிபெயர்ப்பு, பாட்டுப் புத்தகம், லெந்தின் முதல் நாளான சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசும் வழக்கம் எல்லாம் இதைப் பொறுத்து மாறும். பள்ளிக் கையேட்டின் முதல் பக்கங்களிலேயே சினாட் பெயர் இருக்கும்.

தமிழ்நாட்டில் டி.ஈ.எல்.சி. (தமிழ் சுவிசேஷ லூத்தரன் திருச்சபை), சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் வளர்ந்தவர்கள் "நாமும் அதுதானே" என்று நினைத்துக்கொள்வது இயல்பு. அந்த நினைப்பு பெரிய வியாழனன்று சங்கடத்தில் கொண்டுபோய் விடும். ஒன்பதாம் பகுதியில் சொல்கிறேன்.

2. தேதிகளை ஜனவரியிலேயே குறித்துவிடுங்கள்

ஈஸ்டருக்கு 46 நாள் முன்னால் வருவது சாம்பல் புதன். இடையில் வரும் ஆறு ஞாயிறுகளைக் கழித்தால் 40 நாள்.

2027: சாம்பல் புதன் பிப்ரவரி 10, குருத்தோலை ஞாயிறு மார்ச் 21, பெரிய வியாழன் மார்ச் 25, பெரிய வெள்ளி மார்ச் 26, ஈஸ்டர் மார்ச் 28.

2028: சாம்பல் புதன் மார்ச் 1, குருத்தோலை ஞாயிறு ஏப்ரல் 9, பெரிய வியாழன் ஏப்ரல் 13, பெரிய வெள்ளி ஏப்ரல் 14, ஈஸ்டர் ஏப்ரல் 16. தமிழ்ச் சங்கத்தில் புத்தாண்டு விழா நடத்துபவர்கள் அந்த ஆண்டு தேதியைப் பார்த்து வைக்க வேண்டும்.

சாம்பல் புதனுக்குப் பிறகு பெரிய வாரத்துக்கு (ஈஸ்டருக்கு முந்தைய வாரம்) முன் ஐந்து புதன்கிழமைகள் கிடைக்கும். வழக்கமாக அந்த ஐந்திலும் மாலை ஆராதனை உண்டு. 2027இல் அவை பிப்ரவரி 17, 24, மார்ச் 3, 10, 17. சாம்பல் புதனையும் சேர்த்து ஆறு மாலைகள். பரதநாட்டியம், நீச்சல், கணிதப் பயிற்சி எதுவானாலும் புதன் வகுப்பை வேறு நாளுக்கு மாற்றப் பாருங்கள். ஆறு முறை விடுப்புக் கேட்பதைவிட ஒரு முறை நாளை மாற்றுவது எளிது. உங்கள் பிள்ளையின் வகுப்பு ஆறு புதனும் பாட வேண்டியிருக்காது. முறை வைத்து ஒன்றோ இரண்டோ வரும். ஆனால் எந்தப் புதன் என்ற பட்டியல் சில பள்ளிகளில் தாமதமாகத்தான் வரும். பிப்ரவரி பிறந்தும் வராவிட்டால் வகுப்பாசிரியருக்கு ஒரு வரி எழுதிக் கேளுங்கள்.

பனி இன்னொரு சிக்கல். பகலில் பள்ளி மூடினால் மாலை ஆராதனையும் ரத்து என்று எல்லா இடத்திலும் சொல்ல முடியாது. பள்ளி அறிவிப்பு வேறு, சபை அறிவிப்பு வேறு. இரண்டையும் பார்க்க வேண்டும்.

3. காகிதங்கள்

மறுபதிவுப் படிவம் ஜனவரி கடைசியிலிருந்து மார்ச்சுக்குள் வரும். ஏற்கெனவே படிக்கும் குடும்பங்களுக்குச் சில வாரம் முன்னுரிமை கொடுத்து, அதன் பிறகு வெளியாருக்குத் திறந்துவிடுவார்கள். முன்னுரிமைத் தேதியைத் தவறவிட்டால் இடம் போகிறதோ இல்லையோ, சலுகைக் கட்டணம் போய்விடும்.

தம்பி தங்கையைப் புதிதாகச் சேர்ப்பவர்கள் தயாராக வைக்க வேண்டியவை: பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசிப் பதிவு, மருத்துவர் கையெழுத்திட்ட உடல் பரிசோதனைப் படிவம், முந்தைய பள்ளியின் மதிப்பெண் அட்டை. ஞானஸ்நானச் சான்றிதழுக்கு ஒரு கட்டம் இருக்கும். இல்லாதவர்கள் அதைக் காலியாக விடலாம். எச்-4 விசாவில் உள்ள பிள்ளை படிப்பதற்கு ஐ-20 படிவம் வேண்டியதில்லை. அலுவலகத்தில் யாராவது கேட்டால், எஃப்-1 மாணவருக்கான விதியை நினைத்துக் கேட்கிறார்கள் என்று பொருள்.

அதிகம் சிக்குவது தடுப்பூசி அட்டையில்தான். மூன்று இடங்களில் கவனம் வேண்டும். முதலாவது, தேதி. நம் அட்டையில் 05/03 என்றால் மார்ச் 5. இங்குள்ளவர் அதை மே 3 என்று பதிவார். இடைவெளிக் கணக்கு தப்பி, போட்ட ஊசியே செல்லாது என்றாகிவிடும். மாதத்தின் பெயரை எழுத்தில் எழுதிய ஒரு பிரதியை நீங்களே தயாரித்து, குழந்தை மருத்துவரிடம் கொடுத்து, அவர்கள் கணினியில் ஏற்றிய பிறகு அச்செடுத்துப் பள்ளிக்குக் கொடுங்கள். இரண்டாவது, அரசு மருத்துவமனையில் போட்டது எம்.ஆர். (தட்டம்மை, ருபெல்லா ஊசி) என்றால் அதில் பொன்னுக்கு வீங்கிக்கான மருந்து கிடையாது. இங்கே மூன்றும் சேர்ந்த எம்.எம்.ஆர். கேட்பார்கள். மூன்றாவது, சின்னம்மைத் தடுப்பூசி இந்திய அரசின் இலவசப் பட்டியலில் இல்லாததால் பல பிள்ளைகளுக்குப் போட்டிருக்காது. விஸ்கான்சினில் பதிவைக் கொடுக்கச் சேர்ந்ததிலிருந்து 30 பள்ளி நாட்கள் அவகாசம் உண்டு. ஆனால் இரண்டு தவணை ஊசிக்கு நடுவே இடைவெளி விட வேண்டும் என்பதால் கடைசி வாரத்தில் ஓடிப் பயனில்லை.

பெற்றோருக்கும் காகிதம் உண்டு. சமையலறையில் உதவவோ பயணத்துக்குக் கூடப் போகவோ பின்னணிச் சரிபார்ப்பு முடிந்திருக்க வேண்டும். முடிவு வர நாளாகும். லெந்துக்கு ஒரு மாதம் முன்பே கொடுத்துவிடுங்கள். சமூகப் பாதுகாப்பு எண் இல்லாதவர்கள் அந்தக் கட்டத்தில் எதையாவது நிரப்பாமல் அலுவலகத்தைக் கேட்பது நல்லது. மற்றப் பிள்ளைகளைக் காரில் ஏற்றிச் செல்வதென்றால் ஓட்டுநர் உரிமமும் காப்பீட்டுப் பக்கமும் கேட்பார்கள். விஸ்கான்சின் சட்டம் கேட்கும் குறைந்தபட்சக் காப்பீடு ஒருவருக்கு 25,000, விபத்துக்கு 50,000 டாலர். பள்ளிகள் அதைவிடக் கூடுதலாகக் கேட்பதுண்டு.

4. பணம்

கட்டணத் தாளில் இரண்டு பத்திகள் இருக்கும்: சபை உறுப்பினர், உறுப்பினர் அல்லாதவர். உறுப்பினருக்குக் குறைவாக இருப்பதன் காரணம், சபையின் காணிக்கை அந்தப் பள்ளிக்குப் போகிறது என்பதே. கட்டணம் குறையும் என்பதற்காக மட்டும் உறுப்பினராகலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். உறுப்பினராவதற்குப் பல வாரப் பாட வகுப்பு உண்டு. பாஸ்டர் உங்களோடு உட்கார்ந்து பேசுவார். வருகையையும் கவனிப்பார்கள். கணக்குப் போட்டுச் செய்கிற காரியம் அல்ல அது.

கட்டணத் தாளில் உள்ள எண்ணுக்கு வெளியே இருப்பவற்றைக் கூட்டிப் பாருங்கள்: பதிவுக் கட்டணம் (திரும்பாது), புத்தகக் கட்டணம், மதியச் சாப்பாடு, பள்ளி நேரத்துக்குப் பிந்தைய பராமரிப்பு, விளையாட்டுக் கட்டணம், தன்னார்வ மணிகள் முடிக்காதவர்களுக்கான தண்டம். கடைசியில் சொன்னது பலருக்கு மே மாதம்தான் தெரியவரும். லெந்தின் சூப் மாலைகளும் மீன் வறுவல் வெள்ளிகளும் அந்த மணிகளைச் சேர்க்க ஏற்ற நேரம். வேலை முடிந்ததும் கையெழுத்துத் தாளில் உங்கள் பெயரை எழுதிவிட்டு வாருங்கள். எழுதாத மணி கணக்கில் வராது.

விஸ்கான்சின் வருமான வரியில் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு, எட்டாம் வகுப்பு வரை ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 4,000 டாலர் வரை கழிவு உண்டு. படிவத்தின் பெயர் ஷெட்யூல் பி.எஸ். படிப்புக் கட்டணத்துக்கு மட்டும்தான் அது. நன்கொடை, சாப்பாடு, பராமரிப்பு இதில் வராது. ஆகவே ஜனவரியில் பள்ளியிடம் வாங்கும் ரசீதில் படிப்புக் கட்டணம் தனியாகக் காட்டப்பட்டிருக்க வேண்டும். மொத்தமாக ஓர் எண் போட்டுக் கொடுத்தால் பிரித்துத் தரச் சொல்லுங்கள்.

சேப்பல் காணிக்கை வேறு. பிள்ளைகள் வாரம் ஒரு நாணயமோ ஒரு டாலரோ கொண்டுபோவார்கள். மிசூரி சினாட் பள்ளிகளில் சின்ன அட்டை உண்டியல் ஒன்று வீட்டுக்கு வரும். போடாவிட்டாலும் யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் எல்லோரும் போடும்போது நம் பிள்ளை வெறுங்கையோடு நிற்கும். சில்லறை கொடுத்தனுப்புங்கள்.

5. எதில் கலந்துகொள்வது, எதை விடுவது

கிறிஸ்தவர் அல்லாத குடும்பங்கள் இதை லெந்துக்கு முன்பே முடிவுசெய்து எழுத்தில் சொல்லிவிட வேண்டும். மாநில அரசே தனியார் பள்ளிக் கட்டணத்தைக் கட்டும் சாய்ஸ் திட்டத்தில் படிக்கும் பிள்ளைக்கு விஸ்கான்சின் சட்டம் ஒரு வழி கொடுக்கிறது. பெற்றோர் ஆசிரியரிடமோ பிரின்சிபாலிடமோ எழுத்துமூலம் கேட்டுக்கொண்டால், எந்த மதச் செயல்பாட்டிலும் கலந்துகொள்ளுமாறு பள்ளி கட்டாயப்படுத்த முடியாது. சொந்தப் பணம் கட்டிப் படிப்பவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. நீங்கள் கையெழுத்திட்ட கையேடுதான் ஒப்பந்தம். சேப்பல் கட்டாயம் என்று அதில் இருந்தால் கட்டாயம்தான்.

நடைமுறையில் பெரும்பாலான குடும்பங்கள் முழு விலக்குக் கேட்பதில்லை. உட்காரட்டும், பாடட்டும், சாம்பல் மட்டும் வேண்டாம் என்பது போலச் சொல்லிவைப்பார்கள். அப்படியானால் பெயர், வகுப்பு, எது வேண்டாம் ஆகிய மூன்றையும் நான்கு வரியில் எழுதி, சாம்பல் புதனுக்கு ஒரு வாரம் முன்னால் மின்னஞ்சல் அனுப்புங்கள். வாயால் சொன்னது அன்று காலை மாற்று ஆசிரியர் வந்தால் காற்றோடு போய்விடும். பல விஸ்கான்சின் சினாட் சபைகளில் சாம்பல் பூசுவதே கிடையாது. இருக்கிறதா என்று கேட்டுவிட்டு எழுதுங்கள்.

லூத்தரன் சபையில் லெந்து நோன்பு கட்டாயமில்லை. வெள்ளிக்கிழமை இறைச்சி தவிர்ப்பதும் கட்டாயமில்லை. மீன் வறுவல் என்பது கத்தோலிக்கரிடமிருந்து வந்து விஸ்கான்சின் முழுக்கப் பரவிய ஊர்ப் பழக்கம். "நீ எதை விட்டாய்?" என்று பிள்ளைகள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். சாக்லேட் என்று சொல்லிவிட்டு வரும் பிள்ளைக்கு வீட்டில் ஞாபகப்படுத்த ஆள் வேண்டும்.

இன்னொன்று: லெந்து முழுவதும் "அல்லேலூயா" பாடுவதில்லை. சாம்பல் புதனுக்கு முந்தைய சேப்பலில் அந்தச் சொல்லை எழுதிய பதாகையைச் சுருட்டி வைப்பது சில பள்ளிகளில் வழக்கம். ஈஸ்டரன்று வெளியே எடுப்பார்கள். வீட்டில் நம் கீர்த்தனை பாடும்போது பிள்ளை திருத்தினால் ஆச்சரியப்படாதீர்கள்.

6. பிள்ளை பாடும் புதன்

வகுப்பறைக்கு வந்து சேரும் நேரமும் ஆராதனை தொடங்கும் நேரமும் வேறு. ஆராதனைக்கு 15 முதல் 20 நிமிடம் முன்பு வகுப்பறையில் விட வேண்டும். உங்கள் வேலை இடத்திலிருந்து பார்த்தால் மாலை 5 மணிக்கே கிளம்புவது என்று பொருள். சில சபைகளில் பிற்பகலில் ஒன்று, மாலையில் ஒன்று என இரண்டு ஆராதனைகள் நடக்கும். எதில் பாடுகிறார்கள் என்பதைத் தாளில் பாருங்கள்.

உடை: ஜீன்ஸ் வேண்டாம், எழுத்துள்ள டி-சட்டை வேண்டாம். மினுக்கும் காலணி கண்டிப்பாக வேண்டாம். சில பள்ளிகளில் வரவு இசைப் பாட மதிப்பெண்ணில் சேரும். வர முடியாது என்றால் முன்கூட்டியே எழுதித் தெரிவித்தால் பிரச்சினை இல்லை. சொல்லாமல் விடுவதுதான் கணக்கில் ஏறும்.

பாடி முடித்ததும் கைதட்டாதீர்கள். ஆராதனையில் பாடுவது நிகழ்ச்சி அல்ல என்பது அவர்கள் எண்ணம். கைத்தொலைபேசியை உயர்த்திப் படம் பிடிப்பதையும் பல சபைகள் விரும்புவதில்லை. பாட்டு முடிந்து பிள்ளைகள் பெற்றோரிடம் வந்து உட்காருவார்கள். அதோடு எழுந்து போய்விடுவது மரியாதைக் குறைவாகப் படும். காணிக்கைத் தட்டு வரும்போது பக்கத்தில் இருப்பவரிடம் நகர்த்தினால் போதும். விருந்தினர் போட வேண்டும் என்று எதிர்பார்ப்பதில்லை.

7. சூப்

ஆராதனைக்கு முன் பள்ளி ஜிம்மில் சாப்பாடு. ஒவ்வொரு புதனும் ஒரு குழு பொறுப்பு. இணையப் பட்டியலில் பெயர் எழுத வேண்டும். ரொட்டி, பழம், காகிதத் தட்டு போன்ற எளிய வரிகள் முதல் நாளே நிரம்பிவிடும். மிச்சம் இருப்பது சூப்.

அளவு: 6 குவார்ட் மின்சாரக் கொதிபானை (ஸ்லோ குக்கர்) என்பது 24 கப். கிண்ணத்துக்கு ஒன்றரைக் கப் என்றால் 16 பேர். விளிம்பு வரை நிரப்பினால் காரில் கொட்டும். ஐந்தரைக் குவார்ட்டோடு நிறுத்தி, மூடியை ரப்பர் பட்டையால் கட்டி, அடியில் துண்டு விரித்துக் கொண்டுபோங்கள். வீட்டிலேயே கொதிக்கவைத்துச் சூடாகக் கொண்டுபோக வேண்டும். ஆறியதை அங்கே போட்டால் இரண்டு மணி நேரத்திலும் சூடேறாது. பரிமாறும் வரை 140 ஃபாரன்ஹீட்டுக்குக் குறையக் கூடாது.

மின் இணைப்பில் ஒரு விஷயம். ஒரு கொதிபானை சுமார் 250 வாட் இழுக்கும். ஐந்தாறைச் சேர்த்துப் போட்டாலும் தாங்கும். ஆனால் அதே சுவர் இணைப்பில் பெரிய காப்பிப் பாத்திரமோ ரோஸ்டரோ செருகினால் அது மட்டும் 1,400 வாட்டைத் தாண்டும். 15 ஆம்பியர் சுற்றின் எல்லை 1,800. ஆகவே பிரேக்கர் விழும், யாரும் கவனிக்காமல் சூப் ஆறும். காப்பி எங்கே செருகப்பட்டிருக்கிறது என்று பார்த்து, வேறு சுவரில் செருகுங்கள்.

சைவக் குடும்பங்கள் பானை மேலிருக்கும் பெயரை நம்ப வேண்டாம். "காய்கறி சூப்" பெரும்பாலும் மாட்டு எலும்புச் சாற்றிலோ கோழிச் சாற்றிலோ செய்தது. பட்டாணி, பீன்ஸ் சூப்பில் பன்றி இறைச்சித் துண்டு கிடக்கும். உருளைக்கிழங்கு சூப்பில் மேலே தூவியது பன்றிக் கொழுப்பு வறுவல். இனிப்பில் ஜெல்லியும் மார்ஷ்மெல்லோவும் ஜெலட்டின் கொண்டவை. சமைத்தவரிடம் "இறைச்சி இருக்கிறதா" என்று கேட்டால் இல்லை என்பார், அவர் கண்ணில் சாறு இறைச்சி அல்ல. "எந்தச் சாற்றில் செய்தீர்கள்" என்று கேளுங்கள். எளிய வழி, ஒரு பானையை நீங்களே எடுத்துக்கொள்வதுதான். வீட்டுக்கும் சாப்பாடு ஆயிற்று, மணிக்கணக்கும் ஆயிற்று.

என்ன செய்வது? பாசிப்பருப்போடு கேரட், தக்காளி, சீரகம் போட்ட நீர்த்த பருப்பு எடுபடும். மிளகாய் வேண்டாம், மிளகு கொஞ்சம் போதும். கறிவேப்பிலையை எடுத்துவிடுங்கள், பிள்ளைகள் இலையைக் கண்டால் கிண்ணத்தை அப்படியே வைத்துவிடும். ஒவ்வாமைச் சீட்டுதான் முக்கியம். நல்லெண்ணெய் எள். எள் 2023 முதல் அமெரிக்க உணவுச் சட்டத்தில் முக்கிய ஒவ்வாமைப் பொருள். கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருக்கும், "கோதுமை இல்லை" என்று எழுதிவிட்டு அதைத் தாளிக்காதீர்கள். முந்திரி அரைத்த குருமா பல பள்ளிகளில் வாசலோடு திருப்பி அனுப்பப்படும். சேர்த்த பொருள் எல்லாவற்றையும் அட்டையில் எழுதி மூடியில் ஒட்டுங்கள். பானை, மூடி, கரண்டி மூன்றிலும் பெயர் எழுதுங்கள். ஒரே நிறத்தில் பத்துப் பானை இருக்கும்.

சாப்பாட்டுக்கு விலை கிடையாது, மேசையில் கூடை இருக்கும். இயன்றதைப் போடலாம்.

8. மனப்பாடம்

வாரம் ஒரு வசனம், மேல் வகுப்புகளில் லூத்தரின் சிறிய ஞானோபதேசம் (கேள்வி-பதிலாக அமைந்த விசுவாசப் பாடம்). சொல்லுக்குச் சொல் சரியாக இருக்க வேண்டும். பள்ளி எந்த மொழிபெயர்ப்பு வைத்திருக்கிறதோ அதையே படிக்கவையுங்கள். மிசூரி சினாட் பள்ளிகளில் வழக்கமாக ஈ.எஸ்.வி. என்ற ஆங்கில மொழிபெயர்ப்பு. கைத்தொலைபேசியில் இருக்கும் வேறு மொழிபெயர்ப்பில் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைக்குத்தான் மதிப்பெண் குறையும்.

பத்துக் கட்டளைகளின் எண்ணிலும் வேறுபாடு உண்டு. லூத்தரன் வரிசையில் தாய் தந்தையரைக் கனம்பண்ணுவது நான்காவது, கொலை செய்யாதிருப்பது ஐந்தாவது. சி.எஸ்.ஐ. பெற்றோர் படித்த வரிசையில் அவை ஐந்தும் ஆறும். கத்தோலிக்கருக்கு லூத்தரன் வரிசையே பழக்கமானது. பிள்ளை "நான்காம் கட்டளை" என்று சொன்னால் திருத்தாதீர்கள்.

9. பெரிய வாரம்

வியாழன் மாலை நற்கருணை. இரண்டு சினாட்களும் தங்கள் உறவிலுள்ள சபையினருக்கு மட்டுமே கொடுக்கின்றன. நாகர்கோவில், ஆம்பூர் பக்கத்து ஐ.ஈ.எல்.சி. (இந்திய சுவிசேஷ லூத்தரன் திருச்சபை) சபையினர் மிசூரி சினாட்டின் உறவுச் சபையார்தான், அவர்களும் முன்னதாகப் பாஸ்டரிடம் பேசிவிடுவதே முறை. மற்றவர்கள் இருக்கையிலேயே இருந்து வரிசையில் போகிறவர்களுக்கு வழி விட்டால் போதும். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். சில சபைகளில் கைகளை மார்பில் குறுக்காக வைத்துப் போனால் ஆசீர்வாதம் மட்டும் கொடுப்பார்கள்.

வெள்ளி மாலை விளக்குகளையும் மெழுகுவர்த்திகளையும் ஒவ்வொன்றாக அணைத்து இருட்டில் முடியும் ஆராதனை பல இடங்களில் உண்டு. கடைசியில் பெரிய சத்தம் ஒன்று எழுப்புவார்கள். ஐந்து ஆறு வயதுப் பிள்ளைக்கு முன்பே சொல்லிவையுங்கள். முடிந்ததும் பேசாமல் வெளியேற வேண்டும், வாசலில் நின்று வாழ்த்துச் சொல்வது கிடையாது.

பள்ளி வெள்ளியும் திங்களும் மூடியிருக்கலாம், வியாழன் அரை நாளாக இருக்கலாம். அந்த நாட்களில் பராமரிப்பும் இருக்காது. பொதுப் பள்ளி மாவட்டத்தின் பேருந்தில் வருகிறவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: உங்கள் பள்ளி திறந்து மாவட்டம் மூடிய நாளில் பேருந்து வருமா என்று மாவட்டப் போக்குவரத்து அலுவலகத்தைத்தான் கேட்க வேண்டும்.

10. சாய்ஸ் விண்ணப்பம் மூடும் முன்

விஸ்கான்சின் மாநில அளவிலான திட்டத்துக்கும் ரசீன் திட்டத்துக்கும் விண்ணப்பம் பிப்ரவரி முதல் வேலைநாளில் திறந்து ஏப்ரல் மூன்றாம் வியாழனன்று மூடும். 2027இல் அது ஏப்ரல் 15. மில்வாக்கியில் பள்ளிக்குப் பள்ளி காலக்கெடு வேறு. முதல் முறை சேருபவருக்கு வருமான வரம்பு மாநிலத் திட்டத்தில் கூட்டாட்சி வறுமைக் கோட்டின் 220 சதவீதம், மில்வாக்கி, ரசீனில் 300 சதவீதம். பெற்றோர் மணமானவர்கள் என்றால் கணக்கில் 7,000 டாலர் குறைத்துக்கொள்வார்கள். இருவரும் வேலை பார்க்கும் ஐ.டி. குடும்பத்துக்குப் பெரும்பாலும் இது எட்டாது, பட்டம் படிக்க வந்தவர்களுக்கும் ஒரே சம்பளக் குடும்பங்களுக்கும் எட்டலாம்.

இணையத்தில் விண்ணப்பித்ததோடு வேலை முடியாது. முகவரிச் சான்றைப் பள்ளியில் காலக்கெடுவுக்குள் கொடுக்க வேண்டும். மின்கட்டணச் சீட்டிலோ வாடகை ஒப்பந்தத்திலோ இருக்கும் பெயரும் முகவரியும் விண்ணப்பத்தில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும், வீட்டு எண் உட்பட. தந்தை பெயரே கடைப்பெயராக ஓரிடத்திலும், சொந்தப் பெயர் கடைப்பெயராக இன்னோரிடத்திலும் இருந்தால் சிக்கல். விண்ணப்பத்தில் எந்தப் பெற்றோரின் பெயர் முதலில் இருக்கிறதோ அவர் பெயரிலேயே சீட்டு இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய வாரத்தில் பள்ளி அலுவலகம் பாதி நேரம் மூடியிருக்கும். குருத்தோலை ஞாயிறுக்கு முன்பே கொண்டுபோய்க் கொடுத்து, தேதியிட்ட ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.